நேராக நின்ற கூடாரம்

மார்கழி, வளர்பிறை ஐந்தாம் நாள்
பாறைநகர்

இந்த ஊரில் மார்கழி என்று ஒரு மாதமே கிடையாது. முசிறியிலிருந்து கப்பலேறி வந்த நாளிலிருந்து நானாகப் பிறையைப் பார்த்துக் கணக்கு வைத்துக்கொள்கிறேன். ஒன்றிரண்டு நாள் முன்பின் இருக்கலாம். யார் வந்து கேட்கப்போகிறார்கள்? எழுதுகிற தாள் மட்டும் அசல் எகிப்து நாணல்தாள். எகிப்து நம் மன்னருக்குக் கீழே வந்ததிலிருந்து இந்தத் தாளில்தான் சந்தையில் வெங்காயம் மடித்துத் தருகிறார்கள்.

எல்லாம் இந்தப் பேரரசின் புண்ணியம். இரண்டு தலைமுறைக்கு முன்னால் உரோமர் படை ஒன்று இந்த மணலுக்குள் வந்து, தண்ணீர் கிடைக்காமல், போன வழி தெரியாமல் போனது. அன்று தொடங்கிய ஏறுமுகம். காசா, தமஸ்கு, அலெக்சாந்திரியா என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது. கூடாரத்தில் பிறந்த ஜனத்துக்கு இன்று உரோமர்கள் கப்பம் கட்டுகிறார்கள். மன்னரிடம் அப்படி என்ன பெரிய படை இருந்தது? ஒன்றுமில்லை. மறைகுளங்கள் இருந்தன. பாறையில் குடைந்த குளங்கள். வாய் ஓர் ஆள் நுழையும் அளவுதான். பலகைக்கல்லால் மூடி மேலே மணலைத் தள்ளிவிட்டால் மேலேயே நின்றாலும் தெரியாது. எங்கே இருக்கிறது என்பது நீர்க்குடிக்காரர்களுக்கு மட்டுமே தெரியும்.

என் வீட்டுக்காரர் தைமு அந்தக் குடிதான். தென்வழிக் குளங்கள் அவர் பொறுப்பு. அவருடைய அண்ணன் போன வருஷம் பாம்பு கடித்து இறந்த பிறகு, தென்வழி தெரிந்தவர் உலகத்திலேயே இவர் ஒருவர்தான். குளங்களைத் தூர்வாரப் போயிருக்கிறார். பங்குனிப் பௌர்ணமிக்குத் திரும்புவதாகச் சொன்னார். நான் இன்றைக்கே கவலைப்பட ஆரம்பித்துவிட்டேன்.

மார்கழி, வளர்பிறை எட்டாம் நாள்

காற்றில் கூடாரம் விழுந்தது. மறுபடி கட்டினேன். மறுபடி சாய்ந்துதான் நிற்கிறது.

நாத்தனார் கமிலா தன் கூடாரத்து வாசலில் நின்று பார்த்துச் சிரித்தார். "எத்தனை வருஷமாச்சு பூதி? நடுக்கம்பை முதல்ல நடு, சுத்தி மண்ணை நனைச்சு இறுக்கு, அப்புறமா கயித்த இழுன்னு சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலிக்குது. நீ கப்பல்ல பாய் ஏத்துற மாதிரி முதல்லயே கயித்தப் பிடிச்சு இழுக்குற."

"சாஞ்சா என்ன அண்ணி, விழாம நின்னா போதாதா?"

"எதிர்ல இருக்கற செம்மலை மேலேயிருந்து பாத்தாக்கூட இது உன் கூடாரம்னு தெரியுது. குடிச்ச ஒட்டகம் மாதிரி."

தைமு ஒரு நாளும் இதை நிமிர்த்தியதில்லை. அவருக்கு அதில் ஒரு சந்தோஷம்.

மார்கழி, பௌர்ணமி கழிந்த மறுநாள்

அரண்மனையிலிருந்து ஜதீமு என்ற அதிகாரி வந்தார். கூடவே நம்மூர்க்காரர் அந்துவன். கொங்கு நாட்டிலிருந்து மணி வியாபாரத்துக்கு வந்து, அரண்மனையில் எழுத்து வேலை பார்க்கிறவர். இந்த ஊரில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் நானும் அவரும்தான்.

நீர்க்குடிக்கு மன்னர் வீடு தருகிறாராம். கல்வீடு. பாறையில் குடைந்தது, கதவு போட்டது. அயல்நாட்டுத் தூதர்கள் வருகிற நகரத்தில் நீர்க்காவலர்கள் கறுப்புக் கம்பளிக் கூடாரத்தின் கீழே கிடப்பது பேரரசுக்கு அழகில்லையாம்.

"தங்கச்சி, வீட்ட வேணாம்னு சொல்லிடாத. உள்ள அடுப்பு, மாடம், எல்லாம் இருக்கு. தரை வழவழன்னு இருக்கு" என்றார் அந்துவன்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. தரை என்றதும் வந்துவிட்டது.

மார்கழி, தேய்பிறை நான்காம் நாள்

கமிலாவோடு பெரிய சண்டை.

நீர்க்குடிக்குப் பழைய சட்டம் ஒன்று உண்டு: வீடு கட்டக்கூடாது, விதை விதைக்கக்கூடாது, மது தொடக்கூடாது. மீறினால் முன்பெல்லாம் உயிரை எடுத்துவிடுவார்களாம். நகரத்து ஜனம் அதை எப்போதோ மறந்துவிட்டது. மன்னரே மாடியில் படுத்து மது குடிக்கிறார். இவர்கள் மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

"வீடு இருக்கறவனை அந்த வீட்டைக் காட்டியே பணிய வைக்கலாம் பூதி. அதுக்குத்தான் அந்தச் சட்டம். கூடாரத்தை எவன் வந்து என்ன பண்ணமுடியும்? சுருட்டிக்கிட்டுப் போயிட்டே இருப்போம்."

"மன்னர் நம்ம ஆளுதானே அண்ணி."

"அவருக்கு தென்வழி வேணும். சாம்பிராணி நாட்டைப் பிடிக்கப் படை கிளம்புது. தைமு கிட்ட ரெண்டு தடவை கேட்டாங்க. படைக்குக் குளத்தைக் காட்டமாட்டேன்னுட்டான். ஒரு படை குடிச்ச குளத்துல அடுத்த மழை வரைக்கும் ஒரு ஆட்டுக்குட்டி குடிக்க முடியாது. அந்த வழியில இருக்கற ஜனமெல்லாம் சாகணுமா?"

எனக்கு இதெல்லாம் தெரியாததில்லை. ஆனால் போன குளிர்காலத்தில், மணல்காற்று அடித்த வாரத்தில், என் குழந்தை இந்தக் கம்பளிக்குக் கீழேதான் மூச்சுத் திணறி இறந்தது. பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கதவு இருந்திருந்தால் பிழைத்திருக்கும். இதைக் கமிலாவிடம் சொன்னேன்.

மாலையில் தன் கூடாரத்தைச் சுருட்டி ஒட்டகத்தில் ஏற்றிவிட்டார். ஆடுகளோடு போகிறார். போகும்போது ஒன்றுதான் சொன்னார்: "கூடாரம் இல்லைன்னா அவன் இறங்கமாட்டான். தெரியும்ல?"

தெரியும். பாலையிலிருந்து திரும்புகிற காவலர் நிலவு முழுதாக இருக்கிற நாளில் செம்மலைக்கு வருவார். அங்கிருந்து இந்தச் சரிவைப் பார்ப்பார். தன் கூடாரம் நின்றால் இறங்கி வருவார். இல்லையென்றால் வீட்டில் எதிரி இருக்கிறான், அல்லது எல்லோரும் போய்விட்டார்கள் என்று அர்த்தம், திரும்பிவிடுவார். அடுத்த பௌர்ணமிக்கு மறுபடி வந்து பார்ப்பார்.

அவர் வரப்போவது பங்குனியில். அதற்கு முந்தின நாள் கூடாரத்தைக் கட்டிவிட்டால் ஆயிற்று.

தை, வளர்பிறை முதல் நாள்

வீடு! வீடு! வீடு!

தரையில் வெறுங்காலோடு நடந்தேன். கதவைத் திறந்தேன், மூடினேன், மறுபடி திறந்தேன். பைத்தியம் என்று யாராவது நினைத்திருப்பார்கள். சோற்றில் மணல் இல்லை. அரிசி எகிப்துத் துறைமுகத்திலிருந்து அந்துவன் வரவழைத்துக் கொடுத்தது. கூடாரத்தை ஜதீமுவின் ஆட்களே சுருட்டி எடுத்துப்போய் அரண்மனைக் கொட்டடியில் வைத்துவிட்டார்கள். என்ன அக்கறை.

வாசலில் இரண்டு வீரர்கள் நிற்கிறார்கள். நீர்க்காவலர் வீட்டுக்கு மரியாதையாம்.

தை, வளர்பிறை ஆறாம் நாள்

காலையில் வாந்தி. நேற்றைய பாலாடைக்கட்டி சரியில்லை.

தை, வளர்பிறை ஒன்பதாம் நாள்

தண்ணீர் எடுக்கக் கிளம்பினேன். வாசலில் நின்ற வீரர் நல்ல பிள்ளை, முகம்கூட மலர்ந்தே இருந்தது. "நீங்க எதுக்கு அலையணும்? நாங்க கொண்டுவந்து தர்றோம்" என்றார். சந்தைக்கு? அதுவும் அவர்களே போவார்களாம். கொஞ்சம் காலாற நடந்துவிட்டு வருகிறேன் என்றேன். வெயில் கடுமையாக இருக்கிறது, நாளைக்குப் பார்க்கலாம் என்றார். தை மாதத்தில் என்ன வெயில்?

மரியாதை கொஞ்சம் அதிகமாகத்தான் இருக்கிறது. பழகிவிடும்.

மீண்டும் வாந்தி. பாலாடைக்கட்டியை நிறுத்தி மூன்று நாளாகிறது. மாதுளம்பிஞ்சைக் கடித்துத் தின்னவேண்டும் போல இருக்கிறது.

தை, பௌர்ணமிக்கு முந்தின நாள்

ஜதீமு வந்து, திண்டில் சாய்ந்து உட்கார்ந்து, தைமு எப்போது வருவார் என்று கேட்டார். பங்குனி என்றேன். முன்னதாக வரமாட்டாரா? மாட்டார் என்றேன். வீடு வசதியாக இருக்கிறதா? இருக்கிறது. இதை இழக்க யாருக்கும் மனம் வராது, இல்லையா? அவர் கேட்டது சாதாரணக் குரலில்தான்.

ஜன்னல் வழியாகப் பார்த்தால் பள்ளத்தாக்கு முழுக்க ஒட்டகம். ரொட்டி அடுப்புகள் அணையவே இல்லை. பெரிய பயணத்துக்கான ரொட்டி.

கூடாரத்தை ஒருமுறை வெயிலில் காயவைக்கவேண்டும், கொடுங்கள் என்றேன். பூச்சி அரிக்காமல் பார்த்துக்கொள்கிறோம் என்றார்.

தை, தேய்பிறை மூன்றாம் நாள்

என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேன்.

பால் கொண்டுவருகிற இடைச்சி ஹுபைசா இன்று வாசலில் வீரர்களுக்குக் கேட்காமல் சொன்னாள். பௌர்ணமியன்று செம்மலையில் ஓர் ஆளைப் பார்த்தாளாம். ஒற்றை ஒட்டகம், ஒரு கண்ணில் வெள்ளை விழுந்தது. அது எங்கள் ஒட்டகம். "ரொம்ப நேரம் சரிவையே பாத்துக்கிட்டு நின்னாரு. அப்புறம் ஒட்டகத்தைத் திருப்பிட்டுப் போயிட்டாரு. முகத்தைத் துணியால மூடியிருந்தாரு, அழுதாரா என்னன்னு தெரியல."

சீக்கிரம் வந்துவிட்டார். எனக்காகத்தான் வந்திருப்பார். போன குளிர்காலத்தை நினைத்து, நான் தனியாக இருப்பேன் என்று வந்திருப்பார். சரிவில் கூடாரம் இல்லை. கமிலா கூடாரமும் இல்லை. நான் செத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு போகிறார். நான் இங்கே வழவழத் தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறேன்.

வயிற்றில் இருப்பது பாலாடைக்கட்டி இல்லை. இனி அதை எழுதாமல் இருந்து என்ன ஆகப்போகிறது.

தை, தேய்பிறை ஏழாம் நாள்

அழுது தீர்ந்த பிறகு ஒன்று தோன்றியது. அன்று கூடாரம் நின்றிருந்தால் அவர் இறங்கியிருப்பார். என்னைத் தேடி நேராக இந்த வீட்டு வாசலுக்கு வந்திருப்பார். வாசலில் மரியாதை நிற்கிறது.

நான் செய்த தப்புதான் அவரைக் காப்பாற்றியிருக்கிறது. இதற்குச் சந்தோஷப்படுவதா?

தை, தேய்பிறை பன்னிரண்டாம் நாள்

ஜதீமுவுக்கும் தெரிந்துவிட்டது. செம்மலை விஷயம், கூடாரம் பார்க்கிற வழக்கம், அடுத்த பௌர்ணமிக்கு மறுபடி வருவார் என்பது, எல்லாமே. யாரோ ஆட்டுக்காரரைப் பிடித்து விசாரித்திருக்கிறார்கள்.

மாசிப் பௌர்ணமிக்கு முன் சரிவில் என் கூடாரம் நிற்கவேண்டுமாம். உள்ளே வீரர்கள் இருப்பார்கள்.

ஜதீமு போன பிறகு அந்துவன் மட்டும் நின்றார். "அவரை என்ன அண்ணே பண்ணுவாங்க?" என்று கேட்டேன்.

"தென்வழியைக் கேப்பாங்க."

"சொல்லலன்னா?"

அவர் கதவைப் பார்த்துக்கொண்டு, "சொல்ற வரைக்கும் கேப்பாங்க தங்கச்சி. உன்னை முன்னாடி நிறுத்தி வச்சுக் கேப்பாங்க. நீ இருக்கற நிலைமையில... அவரு சொல்லிடுவாரு" என்றார். நான் கர்ப்பமாக இருப்பதை அவரிடம் சொன்னதே இல்லை.

தாள்கள் வைத்திருந்த மாடத்தைப் பார்த்தேன். மார்கழித் தாள்கள் கீழே இருந்தன. இப்போது மேலே இருக்கின்றன.

மாசி, வளர்பிறை இரண்டாம் நாள்

மன்னர் வாழ்க. அவர் தந்த வீடு நன்றாக இருக்கிறது. இன்று கீரை சமைத்தேன்.

மாசி, வளர்பிறை பத்தாம் நாள்

கூடாரத்தை நன்றாகக் கட்டித் தருகிறேன் என்று ஜதீமுவிடம் ஒத்துக்கொண்டேன். அவருடைய வீரர்கள் முதலில் தாங்களே கட்டிப் பார்த்தார்கள். கம்பளி அவர்கள் தலையிலேயே விழுந்தது. நகரத்தில் பிறந்தவர்கள், கயிற்றின் எந்த முனை எதற்கு என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அதனால் நானேதான் கட்டவேண்டும்.

மாசி, வளர்பிறை பதின்மூன்றாம் நாள்

இன்று கூடாரம் கட்டினேன். நடுக்கம்பை முதலில் நட்டேன். சுற்றி மண்ணை நனைத்து இறுக்கினேன். அப்புறம்தான் கயிற்றை இழுத்தேன்.

ஜதீமு லேசில் நம்புகிறவர் இல்லை. நான் ஏதாவது குறி வைத்துவிடுவேன் என்று கிழட்டு ஆட்டுக்காரர் ஒருவரைக் கூட்டிவந்து சோதிக்கச் சொன்னார். அவர் சுற்றிச் சுற்றி வந்தார். வாசல் கிழக்கே பார்த்திருக்கிறதா என்று பார்த்தார். அடுப்புக்கல், ஓரத்தில் வெள்ளைப் பட்டை, முளைக்குச்சிகள், ஒன்று விடாமல் தொட்டுப் பார்த்தார். "குறி கிறி ஒண்ணும் இல்லீங்க. இதைவிட நல்லா எங்க பொம்பளைங்களே கட்டமாட்டாங்க" என்றார்.

நேராக நிற்கிறது. ஜதீமு என்னைப் பாராட்டி ஒரு கூடை மாதுளை அனுப்பினார். அந்துவன் கூடாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நேராக நிற்கிறது என்று அவரிடமும் சொன்னேன்.

மாசி, பௌர்ணமி

கீரை ஆய்ந்தேன். துணி துவைத்தேன். என்னை ஜன்னல் பக்கம் உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தேன்.

மாலையில் செம்மலை உச்சியில் ஒரு ஒட்டகம் தெரிந்தது. ஓர் ஆள். நின்றார். நான் மாதுளையை உரித்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முத்தாக எடுத்துக் கிண்ணத்தில் போட்டேன். தலையைத் தூக்கவில்லை.

மறுபடி பார்த்தபோது மலையில் யாரும் இல்லை. பாதை வளைவில் அவர் இறங்கி வருவார் என்று வீரர்கள் காத்திருந்தார்கள். இருட்டும்வரை காத்திருந்தார்கள்.

மாசி, தேய்பிறை இரண்டாம் நாள்

குதிரைக்காரர்கள் போய்த் தேடிவிட்டு வெறுங்கையோடு வந்தார்கள். ஒரு நாள் தூரத்துக்கு மேல் அவர்களால் போகமுடியவில்லை. தண்ணீர் எங்கே என்று தெரியாதே.

ஜதீமு என் முன்னால் மாதுளைக் கூடையை எட்டி உதைத்தார்.

மாசி, தேய்பிறை பதினோராம் நாள்

படை கிளம்பிவிட்டது. தெற்கே இல்லை. வடவழிக் காவலர் மல்லிகு தன் குளங்களைக் காட்டிக்கொடுத்துவிட்டாராம். அதனால் வடக்கே பார்த்திய நாட்டார் மேல் படையெடுத்துப் போகிறார்கள். ஜதீமுவும் கூடவே போய்விட்டார். மல்லிகு நல்ல மனிதர். கமிலாவின் ஆடுகளுக்கு ஒருமுறை வைத்தியம் பார்த்தவர். அவருக்கும் போன மாதம் ஒரு கல்வீடு கொடுத்திருக்கிறார்கள். மூன்று குழந்தைகள்.

நான் அவரைத் திட்டமாட்டேன். எனக்கு அந்தத் தகுதி கிடையாது.

பங்குனி, வளர்பிறை நான்காம் நாள்

இந்த வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். தைமு இனி வரமாட்டார், வராத ஆளின் மனைவிக்கு வீடு எதற்கு என்று முடிவாகிவிட்டது. மல்லிகுவின் மைத்துனருக்குத் தருகிறார்களாம். வீரர்கள் காலையிலேயே போய்விட்டார்கள். மரியாதை தீர்ந்தது.

அந்துவன் வந்து, மாடத்திலிருந்த தாள்கட்டை எடுத்து என் கையில் கொடுத்தார். "படிக்கச் சொன்னாங்க, படிச்சேன். மன்னிச்சுக்க."

"என்ன அண்ணே சொன்னீங்க அவங்க கிட்ட?"

"சமையல் கணக்குன்னு சொன்னேன்." என்றார் அவர். "தங்கச்சி, நீ வந்த நாள்லேருந்து உன் கூடாரத்தைப் பாத்துக்கிட்டிருக்கேன். ஒரு நாளும் அது நேரா நின்னதில்ல. அன்னிக்கு மட்டும் எப்படி நின்னுச்சுன்னு எனக்கு அப்பவே தெரியும்."

அவர் காலில் விழப் போனேன். தடுத்துவிட்டார்.

"சரிவைப் பாக்க இப்ப ஆள் யாரும் இல்ல. படை திரும்புறதுக்குள்ள போயிடு. எனக்கு இங்க பெண்டாட்டி, பிள்ளை, வீடு எல்லாம் இருக்கு. இதுக்கு மேல என்னால எதுவும் முடியாது" என்று சொல்லிவிட்டு வேகமாகப் போனார்.

பங்குனி, வளர்பிறை பதினோராம் நாள்

வீரர்கள் திரும்பக் கொண்டுபோய்ப் போட்டிருந்த கொட்டடியிலிருந்து கூடாரத்தை வாங்கி, சரிவில் கட்டினேன். முதலில் கயிற்றைப் பிடித்து இழுத்தேன், பாய் ஏற்றுகிற மாதிரி.

சாய்ந்துதான் நிற்கிறது.

வடக்கேயிருந்து ஆட்டுக்காரக் குடும்பங்கள் வந்துகொண்டிருக்கின்றன. அங்கே குளங்களில் சேறுதான் மிச்சமாம். ஒரு பெண் மடியில் குழந்தையோடு தண்ணீர் கேட்டாள். இருந்ததைக் கொடுத்தேன்.

பங்குனி, பௌர்ணமிக்கு முந்தின நாள்

முதல் முறை கூடாரமே இல்லை. இரண்டாம் முறை யாரோ கட்டியது போல நேராக நின்ற கூடாரம். மூன்றாம் முறையும் ஒரு மனிதர் வந்து பார்ப்பாரா? நான் செத்துவிட்டேன் என்று முடிவு கட்டியிருந்தால்? நான் அவருக்குச் சொன்னது "வராதே" என்பது மட்டும்தான். உயிரோடு இருக்கிறேன் என்று சொல்ல எனக்கு வழியே இருக்கவில்லை.

பயமாக இருக்கிறது. வேறு எதையும் எழுத வரவில்லை.

பங்குனி, பௌர்ணமி

காலையிலிருந்து செம்மலையைப் பார்க்கக்கூடாது என்று பிடிவாதமாக மாவு பிசைந்தேன். பிசைந்த மாவையே மறுபடி பிசைந்தேன்.

வெயில் சாயும் நேரத்தில் நிமிர்ந்து பார்த்தேன். மலையில் ஒற்றை ஒட்டகம் நின்றது. அது திரும்பவில்லை. பாதை வளைவில் மறைந்தது, பிறகு கீழே தெரிந்தது.

நான் எழுந்துகொள்ளவில்லை. மாவுக்கையோடு வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். இளைத்துப் போயிருக்கிறார். தாடியெல்லாம் மணல். என் முகத்தைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார். என்னைத் தாண்டிப் போய், சாய்ந்திருந்த கம்பில் கை வைத்து, அதன்மேல் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதார்.

விடிவதற்குள் சுருட்டிக்கொண்டு கிளம்பவேண்டும். அதுவரை நிற்கட்டும் என்று விட்டுவிட்டோம். அவர் கம்பை நிமிர்த்தவில்லை.